ஊமை மேஸ்திரியின் ஸ்கேன் படம்

பெயின்ட் வேலைக்காரர்கள் அவரை ஊமை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்று மனைவி கேட்டால், அதற்கும் ஒரு சிரிப்புதான். அப்படிப்பட்டவர் சாரம் சரிந்து விழுந்து, நெற்றியில் தையலோடு வீடு திரும்பியபின் வாயை மூடவே இல்லை. பால்காரரிடம், "தண்ணியில எவ்வளவு பால் கலக்குற?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரியின் கூந்தல் சவுரி என்று தெருவிலேயே சொன்னார். பொய்யென்றால் சண்டை போட்டிருக்கலாம்; அது நிஜமாகவே சவுரிதான்.

விழுந்த அன்று எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றிருந்தார்கள். அதனால் மனைவியின் தம்பி, "மாமாவுக்கு ஒண்ணுமில்லக்கா. வேலைக்குப் போக வலிக்குது, நடிக்கிறாரு" என்றான். அவளும் பாதி நம்பினாள்.

முழுகாமல் இருந்த மகள் மாமியார் வீட்டாரோடு சாப்பிட வந்த அன்றுதான் இடி விழுந்தது. எல்லோர் முன்னாலும் அவர், "இவ பொறந்திருக்கவே வேண்டியவ இல்ல. கலைக்கிறதுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம்" என்றார். மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அதன்பிறகு போனையும் எடுக்கவில்லை. ஒற்றை மகள். பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டுவாளா என்பதே சந்தேகமாகிவிட்டது.

அப்பா சொன்னது உளறல் என்று மெஷின் சாட்சி சொன்னால் மகள் திரும்பி வருவாள் என்று நம்பித்தான், மனைவி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தாள்.

டாக்டரம்மா திரையைக் காட்டினார். "நெத்திக்குப் பின்னாடி பொட்டுப் பொட்டா கறுப்பாத் தெரியுதே, அது ரத்தம் கசிஞ்ச தழும்பு. சி.டி.ல இது அகப்படாது. மனசுல தோணுறதை வாய்க்கு வராமத் தடுக்கிற இடம் இது. அவரு வேணும்னு பண்ணலம்மா."

"அப்ப சொல்றதெல்லாம் உளறல்தானே?"

"உண்மையா பொய்யான்னு படம் சொல்லாதும்மா. ஞாபகசக்தி நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தேறலாம். பழைய ஆளாத் திரும்புவாருன்னு சொல்ல முடியாது."

பாதியைத்தான் அவள் காதில் வாங்கினாள்.

மருமகன் மூலம் சொல்லியனுப்ப, மகள் வந்து வாசலிலேயே நின்றாள். அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "பாரு, இந்த இடம் அடிபட்டுப் போச்சு. எல்லாம் உளறல்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

மகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஓடிக் கட்டிலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருப்பா. உங்களைப் போயி தப்பா நெனச்சிட்டேன்."

"உளறல் இல்லம்மா," என்றார் அவர், வானிலை சொல்வதுபோல. "உங்கம்மாதான் வேண்டாம்னா. டோக்கன் வாங்கி உக்காந்துட்டா. நான்தான் கையப் புடிச்சுக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

அம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் இத்தனை வருஷம் வாயைக் கட்டியிருந்தார். அப்படிக் காத்த இடம்தான் இப்போது கறுப்புப் பொட்டாகக் கிடக்கிறது.

"அப்படியாம்மா?" என்றாள் மகள்.

"உளறுறாருடி," என்றாள் அவள், மறுபடியும்.

மகள் அப்பாவின் கையை விடவில்லை.