லெமூர்கள் மிதந்து வந்தன

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதுதான் வினை. டோல்கேட்டுக்குப் பின்னால் எங்கள் தெரு முனையில் ஒரு படிப்பகம், அதன் சுவரில் ஒரு கரும்பலகை. துறைமுக ஆபீசுக்குக் கிளம்பும் முன் அதில் ஏதாவது ஒரு விஷயத்தை எழுதிப் போடுவது பதினைந்து வருடம் என் வேலையாக இருந்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

படிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பலகையில் இருப்பது தப்பு என்று யாராவது காட்டிவிட்டால், எழுதியவர் அதை அழித்துவிட்டுச் சாக்பீஸைத் தப்பைக் காட்டியவர் கையில் கொடுக்க வேண்டும். சரியானதை அவர் எழுதுவார். நான் பல தடவை கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை கொடுக்கவில்லை.

அன்று நான் எழுதியது லெமூரியாவைப் பற்றி. மடகாஸ்கர் தீவில் லெமூர் என்று ஒரு விலங்கு, குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கு நெருங்கிய சொந்தமான தேவாங்கு நம் காடுகளில் இருக்கிறது. நடுவில் கடல். அப்படியானால் இரண்டையும் சேர்த்திருந்த நிலம் கடலுக்குள் போயிருக்க வேண்டும், அதுவே தமிழன் பிறந்த கண்டம், லெமூரே சாட்சி என்று கலர் சாக்பீஸில் தீட்டியிருந்தேன். சின்ன வயதிலிருந்து மேடைகளில் கேட்டு வளர்ந்தது. கேட்கும்போதே நெஞ்சு நிமிரும். சாட்சியை யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

என் நண்பன் சரிபார்த்துவிட்டான். புளியந்தோப்பில் பழைய பேப்பர் கடை, வீடு சடையங்குப்பத்தில். எட்டாவதோடு படிப்பு நின்றவன். ஆனால் கடைக்கு வரும் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைப்பான். அந்த வாரம் படிப்பகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பழைய அறிவியல் பத்திரிகையோடு வந்தான்.

"மாமு, போர்டுல தப்பா எழுதிக்கீறே. தேவாங்கும் லெமூரும் சொந்தம்தான், இல்லேங்கல. ஆனா நம்ம நாடும் மடகாஸ்கரும் பிரிஞ்சப்போ இதுங்க எதுவுமே பொறக்கலியாம். லெமூரோட முப்பாட்டனுங்க ஆப்பிரிக்காலேந்து மரம், செடி மேல ஒக்காந்துகினு கடல்ல மெதந்து வந்துகீதுங்க. தேவாங்கோட ஆளுங்க தரை வழியா இந்தாண்ட வந்துட்டாங்க. கண்டமும் முழுவல, ஒண்ணும் முழுவல."

"மெதந்து வந்துச்சா? டிக்கெட்டு எங்க எடுத்துச்சு?" என்றேன். கூட்டம் சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. "எங்கூட்டாண்ட வெள்ளம் வந்தப்போ மொட்ட மாடில நின்னுகினு என் கண்ணால பாத்தேன் மாமு. ஆகாயத்தாமர மொத்தமா பேத்துகினு திட்டு மாதிரி வந்துச்சு. அதும் மேல ஒரு பெருச்சாளி, குட்டிங்களோட. நாலு தெரு தாண்டிப் போய் கரையேறிச்சு. எத்தினியோ கோடி வருசத்துல ஒரு தபா கடல்ல நடந்தா போதாதா?" என்று பத்திரிகையை நீட்டினான்.

நான் வாங்கவில்லை. பி.ஏ. படித்தவன், ஆபீஸ் உத்தியோகம், அத்தனை பேர் முன்னால் பலகையை அழிப்பதா என்று ரத்தம் தலைக்கு ஏறியது. "இதெல்லாம் எடைக்கு வாங்குன அறிவு நைனா. தேவாங்கு கணக்கா இருந்துகினு எனக்கே பாடம் நடத்துறியா? போய் கட்டு கட்டுற வேலையப் பாரு" என்றேன்.

அவன் ஒல்லி. கூட்டம் முதலில் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தது. அவன் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேட அவனுக்கு நேரம் பிடித்தது. சாக்பீஸ் என் கையில்தான் இருந்தது. இப்போதும் அந்த நேரத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அதற்குப் பிறகு அவன் கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, படிப்பக ஆண்டு மலருக்கு லெமூரியா பற்றி ஒரு நீளக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ஆதாரம் தேடி நூலகத்துக்குப் போனால், எடுத்த புத்தகமெல்லாம் அவன் சொன்னதையே சொல்லின. மூழ்கிய கண்டம் ஒரு காலத்து அனுமானம், அறிஞர்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். நான் கட்டுரையைச் சத்தமில்லாமல் கிழித்துப் போட்டேன். அன்றைக்கே அவனிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. தெரியாமல் பேசியதுகூடப் பரவாயில்லை, தெரிந்த பிறகும் நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம், பணி ஓய்வு பெற்ற பிறகு, ஷேர் ஆட்டோ பிடித்து அவன் கடைக்குப் போனேன். சட்டைப்பையில் ஒரு புது சாக்பீஸ்.

"வா மாமு" என்று ஸ்டூலைத் தள்ளினான். டீ சொன்னான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நீ சொன்னதுதான் கரெக்டு. நான்தான் தப்பு. நீயே வந்து போர்டுல எழுதணும்" என்று சாக்பீஸை நீட்டினேன்.

அவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "லெமூரா? அத்தெல்லாம் அன்னிக்கே உட்டுட்டேன் மாமு. எடைக்கு வாங்குனது எடைக்கு மட்டும்தான். இப்பல்லாம் கட்டப் பிரிக்கிறதே இல்ல."

அந்த நேரம் ஒரு அம்மா பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மேலே இருந்தது அதே அறிவியல் பத்திரிகையின் வேறொரு இதழ். எடுத்துப் பார்ப்பான் என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் கட்டைத் தூக்கித் தராசில் வைத்தான்.