பட்டைக்காரர் கையில் சுருள் ஸ்பிரிங்

என் வீட்டுக்காரர் மாதையனுக்குப் பயம் என்பதே கிடையாது. கேட்கிறவர்கள் இதைப் பெருமை என்று நினைத்துக்கொள்வார்கள். அவரோடு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும், அது எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும்.

நாமக்கல்லில் லாரிப் பட்டை வேலை பார்த்த மனிதர். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளில் முறிந்ததைக் கழற்றி, வேறு மாட்டுவது. அந்தத் தொழிலில் நட்டு மக்கர் செய்தால் யாரும் யோசிப்பதில்லை. சுத்தியலால் இரண்டு போடு, கழன்று விழும். இடுப்பு போன பிறகு மகள் சௌமியாவையும் கூட்டிக்கொண்டு எடப்பாடிக்கு வந்து கார் பட்டறை வைத்தோம். தொழில்தான் மாறியது, கை மாறவில்லை. சாமான் எடுத்துக் கொடுக்க நின்ற நானும் பாதி வேலை கற்றுக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஆத்தூர்க்காரர் ஒருவரின் கார் வந்தது. முன்பக்கம் இரண்டு சுருள் ஸ்பிரிங்கும் முறிந்து, வண்டி தரையோடு உட்கார்ந்திருந்தது. லாரிப் பட்டை மாதிரி இல்லை இந்தச் சுருள். அமுங்கிய நிலையிலேயே மாட்டியிருப்பார்கள். இருபுறமும் கொக்கி போட்டுத் திருகி, இன்னும் அமுக்கிய பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும். தவறினால் ஆளை முடித்துவிடும்.

இவரும் ஒரு பக்கத்து ஷாக் அப்சார்பரை ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, கொக்கியெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டார். நட்டு துருவேறிக் கிடந்தது, அசையவில்லை. நான் மண்ணெண்ணெய் எடுக்கத் திரும்பினேன். ணங்கென்று சுத்தியல் சத்தம்.

“அடக் கடவுளே! அடிச்சுப்போட்டீங்களா?”

ஒரு கொக்கி தெறித்துப்போய்ச் சுவரில் மோதி விழுந்தது. நட்டின் மரை மழுங்கிவிட்டது, இனித் திருகவும் முடியாது. ஸ்பிரிங் கோணலாக வளைந்து அவர் மார்புக்கு நேராக நின்றது. மிச்சமிருந்த ஒற்றைக் கொக்கியும் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அமுதா, வெளிய போ.”

“எதுக்குங்க?”

“போன்னா போ புள்ள! கை நழுவுச்சுன்னா ரெண்டு பேரையும் அடிக்கும்.”

போவேனா நான்? வண்டி இழுக்கும் சங்கிலி மூலையில் கிடந்தது. இழுத்து வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

“சொன்னாக் கேக்க மாட்டியா நீ?”

“மேல் சுத்துல கோக்கறதா, கீழயா? அத மொதல்ல சொல்லுங்க!”

“ரெண்டயும் சேத்து. மெதுவா. கொக்கில முட்டிராத சாமி.”

சுருளுக்கு இடையில் விரலை விட்டுச் சங்கிலியைக் கோத்து இழுத்தேன். வேர்வையில் சங்கிலி வழுக்கியது. பாதியில் கொக்கி நறுக்கென்று இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. இவர் மூச்சுக்கூட விடவில்லை. நான் திட்டிக்கொண்டே இருந்தேன். சுத்தியலை, ஸ்பிரிங்கை, நாமக்கல்லை, இவரை எனக்குக் கட்டிவைத்தவர்களை, ஒன்று பாக்கியில்லை. வாயை மூடினால் கையும் நின்றுவிடும் போலிருந்தது. சங்கிலியை இருபுறமும் இறுக்கிப் போல்ட் போட்டேன். தெறித்த கொக்கியை எடுத்து எதிர்ப்பக்கம் மாட்டி, ஸ்பிரிங் நேராகும்வரை திருகினேன்.

“உடுங்க, நிக்குது” என்றேன்.

அவருக்குக் கையை விரிக்க வரவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

வெளியே போன் பேசிக்கொண்டிருந்த ஆத்தூர்க்காரர் எட்டிப் பார்த்தார். “முடிஞ்சிடுச்சா?”

“நாளைக்கு வாங்க” என்றார் இவர். எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளாத மனிதர்.

ஆத்தூர்க்காரர் தலை மறைந்ததும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். “வெளிய போவச் சொன்னீங்களே, உங்கள இப்பிடி உட்டுப்போட்டு நான் போயிருவனா? அப்பிடித்தான் நெனச்சீங்களா என்னய?”

உள்ளங்கையில் பதிந்திருந்த இரும்புத் தடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “சௌமியா பள்ளிக்கொடம் உட்டு வாரப்ப, ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் ஊட்ல இருக்கோணுமில்ல.”

திட்ட வாயெடுத்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.