ஊர் மாப்பிள்ளைகளின் ஒமேகா

“செத்த இருங்க. இதுக்குப் பசியமத்திட்டு வாரேன்” என்று, வைத்த டீயைத் தொடாமல், சுயம்புலிங்கம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார். திருகும்போது கண்ணை மூடிக்கொள்வார். இறுக்கம் தட்டியதும் நிறுத்தி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து, வெயிலில் ஒருமுறை சாய்த்துப் பார்த்த பிறகுதான் டீ. அதற்குள் அது ஆறிப்போயிருக்கும்.

ராஜபாளையத்தில் பஞ்சுத் தரகர். ஒல்லியான ஆள். மீசையில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். கையில் மட்டும் ஒமேகா. இளவயதில் கொழும்பு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தபோது, சினிமாவையும் சிகரெட்டையும் விட்டு வாங்கிய சுவிஸ் கடிகாரம். சந்தன நிற முகம், ஊசி போன்ற தங்க முட்கள். நொடி முள் தத்தித் தத்திப் போகாது, வழுக்கிக்கொண்டு போகும். “பேட்டரி வாட்ச்சு சொல்லாமக் கொள்ளாமச் செத்துப்போவும். இது அப்பிடியில்ல. நாம கவனிச்சா நம்மளக் கவனிக்கும்” என்பார்.

ஊரில் பல கல்யாண ஆல்பங்களில் இந்த ஒமேகா இருக்கிறது. கடிகாரம் இல்லாத மாப்பிள்ளைகளுக்கு முகூர்த்தத்தன்று அவரே கட்டிவிடுவார். கைக்குக் கை துளை போட்டு, தோல் வார் சல்லடையாகிவிட்டது. ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

“எங்க மாமனார் என் மொகத்தையா பாத்தாரு? கையப் பாத்துல்லா பொண்ணு குடுத்தாரு!”

“எங்கய்யா கொஞ்சம் மேலயும் பாத்திருக்கலாம்” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி பரிபூரணத்தின் குரல் வந்தது.

போன ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மில் தொழிலாளி மாரிச்சாமிக்குக் கல்யாணம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை கையில் ஒமேகா மின்னியது. தாலியை எடுக்கிற நேரத்தில் பெண்ணின் அத்தை சத்தம் போட்டாள்: “ஏட்டி, இது போன தையில நம்ம தவசிமுத்து கல்யாணத்துல அவன் கையில கெடந்த வாட்ச்சுல்லா!”

மாப்பிள்ளையின் தாயோ, அது பரம்பரைச் சொத்து என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். பெண்ணின் தகப்பனார் சௌந்தரபாண்டியன் மேடையேறி மேளத்தை நிறுத்தினார்.

“வாட்ச்சே எரவலுன்னா, பொறவு எது எது எரவலு?”

மாரிச்சாமியின் தலை கவிழ்ந்தது. பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள். சுயம்புலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனார்.

“வாட்ச்சு என்னுது, அண்ணாச்சி. நாந்தான் கட்டிவிட்டேன். மில்லு வேலை அவனுது. கொணமும் அவனுது. திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க.”

மணப்பெண் அழகுத்தாய், குனிந்த தலை நிமிராமல் தகப்பனாரிடம் கேட்டாள்:

“அய்யா, நான் வாட்ச்சையா கெட்டிக்கிடப் போறேன்?”

முதலில் சிரித்தவர் நாதஸ்வரக்காரர். பிறகு மண்டபமே சிரித்தது. சௌந்தரபாண்டியனுக்கு மட்டும் கோபத்திலிருந்து இறங்கி வர வழி தெரியவில்லை. விறைப்பாக நின்றார்.

மாரிச்சாமி கழற்றிக் கொடுத்த ஒமேகாவைச் சுயம்புலிங்கம் தன் கையில் போட்டுக்கொள்ளவில்லை. சௌந்தரபாண்டியனின் கையைப் பிடித்துக் கட்டிவிட்டார். “நல்ல நேரம் போயிரும். நீங்களே மணி பாத்துச் சொல்லுங்க, அண்ணாச்சி.”

சௌந்தரபாண்டியன் மணி பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். தாலி ஏறியது.

மணமக்களோடு பெரியவர்களை நிறுத்திப் போட்டோ எடுக்கப்போனார்கள். சுயம்புலிங்கம் ஓடிப்போய், சௌந்தரபாண்டியனின் முழுக்கைச் சட்டையை ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டு வந்தார்.