எழுபத்திரண்டு ஸ்லைடும் ஒரு பூட்டும்

பீரோவைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார் நவநீதன். உள்ளே இருப்பது நான்கு பெட்டி கலர் சாக்பீஸ். பதினேழு வருடமாக அறிவியல் ஆசிரியர். சாப்பாட்டுப் பைக்குக்கூடச் சின்னதாக ஒரு பூட்டு வைத்திருக்கிறார். எதிர் நாற்காலியில் இருக்கும் கணக்கு டீச்சர் தாமரைச்செல்விக்கு அந்தச் சத்தம் பழகிப்போனதுதான். இன்றைக்கு என்னவோ கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை பத்தாம் வகுப்புக்கு அறிவியல் தேர்வு. பிள்ளைகள் படிப்பு விடுமுறையில் வீட்டில் இருக்கிறார்கள். படம் வரைந்து பாகம் குறிக்கத் தடுமாறும் முப்பத்தெட்டுப் பேருக்காக இதயம், சிறுநீரகம், கண் எல்லாவற்றையும் தன் கையாலேயே வரைந்து, எழுபத்திரண்டு ஸ்லைடாக்கி, பள்ளியின் வலைப்பூவில் பதிவுக்குள்ளேயே ஓடும்படி பொருத்தியிருந்தார் மனிதர். அவ்வளவு அழகான படங்கள். பிள்ளைகள் திறந்தால் மேலே தலைப்பு, கீழே தேர்வு வாழ்த்து, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்: 'பார்க்க அனுமதி தேவை.'

"எனக்கு நல்லாத் தெரியுதே டீச்சர்! இதோ பாருங்க, நாலு அறையும் தெரியுது" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"உங்களுக்குத் தெரியாம எப்புடிங்க சார் இருக்கும்? ஃபைலப் பூட்டி வச்சிருக்கிறதே நீங்கதான!"

"கேக்குறவங்களுக்குக் குடுத்துக்கிட்டுதான இருக்கேன்."

கொடுத்த லட்சணம் தாமரைச்செல்விக்குத் தெரியும். அனுமதி கேட்டு ஒவ்வொரு மின்னஞ்சல் வரும்போதும் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயரைச் சரிபார்ப்பார். பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவின் போன்தான். மண்டபத்தூர் மாணவி கார்முகில் கேட்டபோது வந்த பெயர், அவள் அப்பா வேலை பார்க்கும் 'கடலரசி ஐஸ் கம்பெனி'. "ஐஸ் கம்பெனிக்கு எதுக்குங்க சிறுநீரகம்?" என்று மறுத்துவிட்டார். மூன்று நாளில் தேறியவர்கள் ஒன்பது பேர்.

"எல்லாரும் பார்க்கலாம்னு ஒரு தட்டுத் தட்டுங்க சார், புண்ணியமாப் போவும்."

"போன தடவ என்னாச்சு? டியூஷன்காரன் என் நோட்ஸ அடிச்சி, பேரச் சுரண்டிட்டு, அவன் முத்திரையக் குத்திக்கிட்டான். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அன்றைக்கு அவருக்காக வயிறெரிந்தவர்களில் தாமரைச்செல்வியும் ஒருவர். அதற்காக இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இனிப் பேசிப் பயனில்லை என்று கார்முகிலைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நவநீதன் முன்னால் மேசையில் வைத்தார் டீச்சர்.

"சார்... நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா சார்? எல்லாருக்கும் குடுக்குறீங்க, எனக்கு மட்டும் முடியாதுன்னு வருது. நாலு தடவ கேட்டுட்டேன்."

நவநீதன் பதிவேட்டை மூடினார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, 'இணைப்பு உள்ள எவரும்' என்ற வரிக்கு மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கேயே வைத்திருந்தார். பிறகு தட்டினார்.

"இப்பப் பாரும்மா."

போனில் விரல் தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு சார்! இதயம் வந்துடுச்சு!"

"மேல ஏறுற பெரிய குழாய் பேரு என்ன, படிச்சிட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நேராகப் பீரோவிடம் போனார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். நாற்காலிக்குத் திரும்பப் பாதி தூரம் வந்தவர், மறுபடி போய் நான்காவது முறையும் இழுத்தார்.