துப்பாக்கி அலமாரியின் சாவி

ஒரு திங்கட்கிழமை என் கணவர் கதிரேசன் வேலை முடிந்து வரும்போது கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தது. திறந்தால் மான் கறி. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் விரி பகுதியில் அவர் வேலை பார்க்கும் கிடங்கில் கூட இருக்கும் கிரெய்க், சனிக்கிழமை காட்டுக்குப் போய்ச் சுட்டதாம். நம் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து முருங்கைக்காய் கொடுத்தனுப்புவார்களே, அவ்வளவு சாதாரணமாகக் கொடுத்தனுப்பியிருந்தார். ஈரோட்டில் நான் துப்பாக்கியைப் பார்த்ததெல்லாம் வங்கி வாசலில், ஸ்டூலில் தூங்கிவழியும் காவலாளியின் மடியில்தான். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தேன். நன்றாகவே இருந்தது, வினையும் அங்கேதான் தொடங்கியது.

அடுத்த முறை கிரெய்க்கோடு இவரும் சும்மா கூடப் போனார். ஈர ஷூவோடு வந்து நின்றவரின் முகத்தில் நான் இரண்டு வருடமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம். பனி மரத்துக்கு மரம் நகர்ந்து போனதையும், மான் ஒன்று நின்று திரும்பிப் பார்த்ததையும் ஒரு மணி நேரம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் சொக்கியது. துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார். கராஜில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வரப்போகும் துப்பாக்கிக்காக ஓர் இரும்பு அலமாரி வந்து, தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. அன்று சாயங்காலம் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்."

வீட்டுச் சாவி எல்லாம் என்னிடம்தானே இருக்கிறது, இதில் என்ன அதிசயம்? பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் வைத்தேன்.

துப்பாக்கிச் சட்டத்தையே புதிதாக எழுத ஒரு மசோதா வந்திருந்த சமயம் அது. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லேபின் டீ ரூமில் ஒருவர் இது போதாது என்பார், இன்னொருவர் இது அதிகம் என்பார். எனக்கென்ன வந்தது என்று ரசப் பாத்திரத்தைச் சூடுபண்ணிக்கொண்டிருப்பேன்.

தூறல் விடாத ஒரு மதியம், இவருடைய லைசென்ஸ் விண்ணப்பம் பற்றிப் போலீஸ் தரப்பிலிருந்து விசாரிக்க ஓர் அம்மாள் வந்தார். நரைத்த தலை, மெதுவான குரல். முதலில் இவரிடம் பேசினார், அலமாரியை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "உங்கள் மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று இவரை வெளியே அனுப்பிவிட்டார். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். இங்கே அதுதான் வழக்கமாம்.

"இவர் எப்படிப்பட்ட மனிதர்?"

ஜன்னலில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு என்னவோ ஈரோட்டில், பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இருப்பது போலிருந்தது. என் மாமா மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். மளிகைக்கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர், டெய்லர் எல்லோரும் ஒரே வார்த்தைதான்: தங்கமான பையன். நம் பக்கம் கல்யாண விசாரணையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று. உனக்கு என்ன தோன்றுகிறது என்று என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேள்வி இப்போதுதான் வந்திருக்கிறது, அதுவும் போலீஸிடமிருந்து. என் வாயோ அந்தத் தெருக்காரர்களைப் போலவே சொன்னது: "ரொம்ப நல்லவர். எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். "சாவி எங்கே இருக்கிறது தெரியுமா?"

"தெரியாமல் என்ன, என்னிடம்தான் இருக்கிறது!" என்று பெருமையாக எழுந்து போய் எடுத்து வந்து காட்டினேன். அவர் பேனா நின்றுவிட்டது. லைசென்ஸ் இல்லாத நான் சாவி இருக்கும் இடத்தைத் தெரிந்துவைத்திருப்பதே தப்பாம். பெண்டாட்டிக்குத் தெரியாமல் சாவியை ஒளித்துவைக்கிறவன் எங்கள் ஊரில் நல்ல புருஷன் இல்லை என்றேன். சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார்.

"வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அவருக்குத் தெரியும். பிறகு ஏன் உங்களிடம் கொடுத்தார்?"

கராஜ்தான் கண்முன் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இவருக்கு வேலை போன அந்தக் குளிர்காலம். பகலெல்லாம் நின்ற காரில் சீட்டைச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடியே கிடப்பார். டீயை எடுத்துப்போய்க் கண்ணாடியைத் தட்டுவேன். ஒருநாள் என்னைப் பார்க்காமலே, "நான் இல்லாமப் போயிட்டா உனக்கு நிம்மதியா இருக்கும்ல" என்றார். அம்மாவிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது. அந்த அம்மாளிடம் சொன்னேன். நடுவில் ஆங்கிலம் நின்றுபோய்த் தமிழில் அழுதேன். அவர் எழுதாமல் கேட்டார்.

அவர் போனபின் இவர் நனைந்த குடையோடு உள்ளே வந்தார். புருஷனைப் போலீஸிடம் காட்டிக்கொடுத்த குற்ற உணர்ச்சியில் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"ஏங்க, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"கார்ல கெடந்ததயா?"

"அன்னைக்கு நீங்க சொன்னதையும்."

குடையை மடக்கிச் சுவரோரம் சாத்தினார். "அதுக்குத்தான சாவிய உன்கிட்ட குடுத்தேன்" என்றார்.

மறுவாரம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டாக்டரிடம் நானும் கூடப் போனேன். கிரெய்க்கோடு இப்போதும் காட்டுக்குப் போகிறார், பைனாகுலரோடு.

மசோதாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் பாராளுமன்றத்துக்கு எழுதலாம் என்றார்கள். நானும் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், கலெக்டர் ஆபீஸ் மனு மாதிரி 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்றுதான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எதை மாற்றினாலும் மனைவியைத் தனியாகக் கேட்கும் அந்தக் கேள்வியை எடுத்துவிடாதீர்கள் என்று எழுதினேன். அதைக் கேட்க என் ஊருக்குத் தோன்றவில்லை. கேட்ட இந்த ஊரிடம், பாதிப் பதிலை அதற்குப் புரியாத மொழியில்தான் என்னால் சொல்ல முடிந்தது.

இரும்பு அலமாரியை இன்னும் பிடுங்கவில்லை. அதன் நான்கு போல்ட்டும் ஆக்லாந்து சிமெண்ட்டில் இறங்கியிருக்கின்றன. உள்ளே ஈரோட்டு வீட்டுப் பத்திரமும், இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியதும் மூலை வெட்டித் தந்த எங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுகளும் இருக்கின்றன. சாவி குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருக்கிறது. இப்போது அது எனக்குத் தெரிந்திருந்தால் தப்பில்லை.