காலணியின் நிறம்

ஜமீன் வாரிசான விஜயரங்கம் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். முப்பது வருடமாகத் தொலைக்காட்சியில் காற்பந்து வர்ணனை. தேக்கா வட்டாரத்துக் காப்பிக் கடையில் அவருக்கு எழுந்து இடம் விடுவார்கள். இரண்டு வருடமாகக் கண் மங்கி, ஆட்டக்காரர்களின் முதுகு எண் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டால் குடி முழுகிவிடுமா? அவருக்கு முழுகும். காலணிகளின் நிறத்தை மனப்பாடம் செய்துகொண்டு பெயர்களைச் சொல்லிவந்தார்.

அன்று இடைவேளையில் கொட்டிய மழையில் திடல் சேறானது. எல்லாக் காலணியும் ஒரே நிறம். யாரோ ஒருவன் பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்தான். விஜயரங்கம் மைக்கைப் பொத்திக்கொண்டு, உடன் வர்ணிக்கும் நிரஞ்சனாவிடம் குனிந்தார்.

“யாரும்மா அது?”

“யாசர், சார். ரெண்டு வருஷமா ஏன் சார் கேக்கவே இல்ல?”