ஒரே பெட்டியில் மூன்று தாள்

என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஊரார் வெப்சைட்டையெல்லாம் வாங்கி வைத்துப் பாதுகாக்கிற கம்பெனி. எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதி வைப்பார்களாம்; ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். "நாங்க அப்பவே மூணு வெச்சிருந்தோம்டா" என்றேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல அவன் எழுதுகிறான். தப்பு இருந்தால் அவனுடையது.

எண்பதுகளில் நடந்தது. பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகப் படுகிற இடம் ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு நாள். அதற்குப் பெயர் பாடு. வரிசையை எழுதிய ஒரே தாளை முந்தின வருஷம் தலைவர் வீட்டு ஆடு தின்றுவிட்டது. எனவே இந்த முறை மூன்று தாள்: தலைவரிடம் ஒன்று, பூசாரியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

"இவன்கிட்ட எதுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே. திருத்தமாட்டான்" என்றார் தலைவர். பள்ளிக்கூடம் போகாததற்காக எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

என் கூரை ஒழுகும். யாருக்கும் தெரியாமல் என் தாளை டவுனில் மீன் வாங்குகிற பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல் வீடு, இரும்புப் பெட்டி.

ஐப்பசிப் புயலில் டவுன் வரைக்கும் ஏரி வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் நான், தலைவர், பூசாரி மூன்று பேரும் பாய் வீட்டு வாசலில் ஒருவரையொருவர் பார்த்து முழித்தோம். பெட்டிக்குள் மூன்று தாளும் ஒரே கூழ்.

"நான் இன்னாப்பா பண்றது? மூணு பேருமே தனித்தனியா வந்து, 'யார்கிட்டயும் சொல்லாத பாய்'னுதானே குடுத்தீங்க?" என்றார் பாய்.

ஊர் கூடியது. மறுபடி சீட்டுக் குலுக்கலாம் என்றார் தலைவர். குலுக்கினால் என் நாள் போச்சு. இரண்டு நாள் கழித்து என் பாடு. புயல் ஓய்ந்த தண்ணீரில் இறால் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும். அந்த மாதிரி நாள் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ.

என் பெண்சாதிதான் குரல் கொடுத்தாள். "தாளு இன்னாத்துக்கு? முன்னால போறவன, 'எப்போ எழுந்து தொலைவான்'னு அவனவன் திட்டிக்கினுதானே இருக்கீங்க? முன்னால யாரு, பின்னால யாருனு சொல்லிக் குந்துங்க."

மணலில் வரிசை வளர்ந்தது. பக்கத்து ஆள் ஒருவராவது ஒப்புக்கொண்டால்தான் இடம். எனக்குப் பின்னால் வருகிறவன் ஆரம்பாக்கத்தில் மாமியார் வீட்டில்; வெள்ளத்தில் பஸ் இல்லை. முன்னால் இருப்பவர் என் பெண்சாதியின் அண்ணன். அவருடைய புதுப்படகைப் பார்த்து, "இது மெதக்குதா, மெதக்கற மாதிரி நடிக்குதா மச்சான்?" என்று கேட்டுத் தொலைத்ததிலிருந்து ஆறு மாசமாக என்னோடு பேச்சில்லை. அவர் வாய் திறக்காவிட்டால் வரிசையில் நான் இல்லை.

"உனக்குப் பின்னால யாருப்பா?" என்று அவரைக் கேட்டார் தலைவர்.

மச்சான் துண்டை உதறினார். மடித்தார். மறுபடி உதறினார். பிறகு தலைவரைப் பார்த்தே சொன்னார்: "இந்த ஆளுதான். என் வலை தண்ணிய வுட்டு எழும்பறதுக்குள்ள வலை கட்டற கழியத் தூக்கிக்கினு வந்து நிக்கும். அந்த மூஞ்சிய எந்தப் புயலு அடிச்சிக்கினு போவும்?"

ஊரே சிரித்தது. அவர் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். வரிசையைப் புதிதாக எழுதி, மூன்று வேறு வேறு வீட்டில் வைத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

என் நாள் விடிகிறபோதே கழியோடு போய்த் தண்ணீரில் நின்றேன்.

"வந்துட்டியா மாப்ள?" என்று மச்சான் படகிலிருந்து கத்தினார். ஆறு மாசத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.